வீட்டு நாய் நஞ்சுண்டால்: முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

மனிதர்களுக்கான மருத்துவமனை வெளியிடும் இதழில் நாயைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, வீட்டு நாய்கள் உண்ணும் நஞ்சுகளுள் ஒரு பகுதி, நாங்களே எழுதிக் கொடுத்து நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாத்திரைகளாகும். இரண்டாவது, நாயின் வாய்க்கு எட்டும் இடம் தவழும் குழந்தையின் கைக்கும் எட்டும். இன்று நாய் உண்டதை நாளை குழந்தை எடுத்து வாயில் வைக்கலாம். மூன்றாவது, துடிக்கும் நாயைக் காப்பாற்ற முனைந்தவர்கள் கடிபட்டோ, நஞ்சு தம் உடலில் பட்டோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர நேரிடுகிறது.

புதியம்புத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் மண்ணில் மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே மிகுதி. புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி, மிளகாய் என விதைப்புத் தொடங்கும்போது விதைநேர்த்தி மருந்து வீட்டுக்கு வருகிறது. பயிர் வளரும்போது பூச்சிமருந்து வருகிறது. தை, மாசியில் தானியம் வீடு வந்து சேர்ந்ததும் அதைத் தேடி எலியும், எலிக்காக எலிமருந்தும் வருகின்றன. வீட்டுக் காவலுக்கும் ஆட்டுக்கிடைக் காவலுக்கும் நாய் வளர்ப்பது இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இக்கரிசல் நிலத்துக்கே உரியவை. ஆகவே நஞ்சும் நாயும் ஒரே முற்றத்தில் இருக்கும் நிலை இங்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நீடிக்கிறது.

உடனே செய்ய வேண்டியவை

நாய் நஞ்சை உண்டதைக் கண்டாலோ, உண்டிருக்கும் என ஐயுற்றாலோ, அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். கீழ்க்காணும் வரிசையில் செயற்படுங்கள்.

1. நாயை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். எஞ்சிய நஞ்சைக் குழந்தைகளும் பிற கால்நடைகளும் கோழிகளும் அணுகாதவாறு மூடி வையுங்கள். கையில் உறையோ பாலித்தீன் பையோ அணிந்த பின்னரே அதைத் தொடுங்கள்.

2. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது உண்டது, எவ்வளவு உண்டிருக்கும், நாயின் எடை ஏறத்தாழ எத்தனை கிலோ ஆகிய மூன்றும் மருத்துவர் முதலில் கேட்பவை.

3. மருந்தின் டப்பா, அட்டை, உறை எதுவாயினும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் கிழிந்திருந்தாலும் அதிலுள்ள வண்ணக் குறியீடும் எழுத்துத் துணுக்கும் உதவும். நாய் வாந்தி எடுத்திருந்தால் அதில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் செல்லலாம். எலிமருந்து என ஐயமிருந்தால் வாந்தியைத் தொடாமல் கைப்பேசியில் படம் மட்டும் எடுங்கள். காரணத்தைப் பின்னர்க் கூறுகிறோம்.

4. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். முன்கூட்டியே அறிந்தால் அவர் மருந்துகளை ஆயத்தமாக வைத்திருப்பார். அவர் இல்லையெனில் வேறெங்கு செல்லலாம் என்பதும் தெரியவரும்.

5. நஞ்சு தோலிலோ முடியிலோ பட்டிருந்து, நாய் நினைவுடனும் அமைதியுடனும் இருந்தால், சோப்பும் மிகுதியான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அவ்வாறு கழுவாவிடில் நாய் தன் உடலை நக்கி மீண்டும் நஞ்சை உட்கொள்ளும்.

6. நாய் மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சிலும் வாந்தியும் வெளியே வடியுமாறு தலையைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். வாயைக் கயிற்றால் கட்ட வேண்டாம். வாந்தி எடுக்கும் நாயின் வாயைக் கட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். தூக்கிச் செல்ல ஒரு சாக்கையோ கெட்டியான போர்வையையோ இருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ளலாம்.

7. வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பொருள்களை விலக்கி, வெளிச்சத்தையும் கூச்சலையும் குறையுங்கள். வாய்க்குள் கையையோ கரண்டியையோ நுழைக்காதீர்கள். தண்ணீரும் புகட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

நஞ்சு உண்டவருக்கும் விலங்குக்கும் சாணிக் கரைசல், புளிக் கரைசல், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், பச்சை முட்டை ஆகியவற்றைப் புகட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை எனினும், இவை ஒவ்வொன்றும் தனித் தீங்கை விளைவிக்கும். உப்புக் கரைசலை மிகுதியாகக் குடித்த நாயின் குருதியில் உப்பின் அளவு கூடி மூளை வீங்கக்கூடும். சாணிக் கரைசல் நுரையீரலுக்குள் சென்றால் கிருமித்தொற்றை உண்டாக்கும். அரை மயக்கத்திலுள்ள விலங்குக்கு எதைப் புகட்டினாலும் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கும் வாய்ப்பே அதிகம்.

பால் புகட்டுவதும் பொதுவான மாற்றுமருந்து அன்று. துத்தநாகப் பாஸ்பைடு என்னும் கருநிற எலிமருந்தை உண்ட நாய்க்கு உணவோ பாலோ கொடுத்தால் இரைப்பையில் அமிலம் மேலும் சுரக்கும். அந்த அமிலம் பட்டுத்தான் அம்மருந்திலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. நாம் புகட்டும் பால் நஞ்சை விரைவுபடுத்திவிடும். எண்ணெயும் நெய்யும் சிலவகை நஞ்சுகள் உடலில் சேர்வதை எளிதாக்கும்.

மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலம், காரம், மண்ணெண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றை உண்ட நாயை வாந்தி எடுக்க வைத்தால் உணவுக்குழாய் இரண்டாம் முறை புண்படும். எண்ணெய் நுரையீரலுக்குள் செல்லும். ஆயத்த ஆடைத் தைப்பில் பெயர்பெற்ற நம் ஊரில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நூல் கோத்த ஊசியை நாய் விழுங்கியிருந்தால் வாந்தியும் கூடாது, வாயிலோ ஆசனவாயிலோ தொங்கும் நூலைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இழுக்கப்படும் நூல் குடலை அறுத்துவிடும். இத்தகைய நாய்க்கு ஊடுகதிர்ப் படமும் அறுவை மருத்துவமும் தேவைப்படலாம்.

அடுப்புக் கரியைப் பொடித்துக் கொடுப்பதும் பயனற்றது. மருத்துவர் தரும் செயலூட்டிய கரி வேறு முறையில் ஆயத்தம் செய்யப்பட்டது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 கிராம் என்ற அளவில், விழுங்கும் ஆற்றல் உள்ள நாய்க்கே அது கொடுக்கப்படும்.

நஞ்சா, வெறிநோயா?

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம். வாயில் எச்சில் ஒழுகுதல், நடை தள்ளாடுதல், விழுங்க இயலாமை, வலிப்பு ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். இவையே வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் அறிகுறிகளும் ஆகும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பதும், நஞ்சுண்டிருக்கும் என்று எண்ணி மடியில் கிடத்தி வாயைத் துடைப்பதும் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். ரேபிஸ் நோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் அதைக் குணப்படுத்தும் மருத்துவம் இல்லை என்றே கூறலாம்.

நாய்க்கு முறையாகத் தடுப்பூசி போடப்பட்டிருந்து, அது நஞ்சை உண்டதை நீங்கள் கண்ணால் கண்டிருந்தால் ஐயம் குறைவு. தடுப்பூசி போடாத நாயாகவோ தெருநாயாகவோ இருந்து, சில நாள்களாக அதன் குணம் மாறியிருந்தால் ரேபிஸ் என்றே கருதி விலகி நில்லுங்கள். நாய் கடித்திருந்தாலோ, கீறியிருந்தாலோ, அதன் எச்சில் உங்கள் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தாலோ, புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். கண்ணையும் வாயையும் நீரால் மட்டும் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் பூசாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். எந்தத் தடுப்பூசி, எத்தனை முறை, அதனுடன் எதிர்ப்புப் புரதமும் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாய் நஞ்சினால்தான் இறந்தது என்று ஊரார் சொல்வதைக் கேட்டு ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.

எந்த நஞ்சு, என்ன அறிகுறி

பயிர்ப் பூச்சிமருந்துகளுள் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்னும் இரு வகைகள் விரைந்து கொல்பவை. மிகுதியான எச்சில், கண்ணீர், தானே சிறுநீரும் மலமும் கழிதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை சில நிமிடங்களில் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் தோன்றும். இதற்கு அட்ரோபின் என்னும் ஊசிமருந்து உண்டு. மனிதர்க்கு நாங்கள் பயன்படுத்துவதும் அதுவே. உரிய நேரத்தில் சேர்ந்த நாய் பிழைக்கும் வாய்ப்பு நன்று. முன்பு குருணை மருந்தாகப் பரவலாக விற்ற ஃபோரேட், மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு ஆணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. எனினும் பழைய பொட்டலங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடப்பதுண்டு. அவற்றைத் தேடி அகற்றுவது நல்லது.

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பின், தவிடும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்துப் பூச்சிமருந்து சேர்த்த நச்சுணவை வயலில் இடுவது ஒரு முறையாகப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த இனிப்பும் மணமும் நாயையும் ஈர்க்கும். அதைக் கலந்த பாத்திரத்தைக் களத்திலேயே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதோடு, அதை வீட்டுப் பயன்பாட்டுக்கு மீண்டும் கொண்டுவராதிருக்க வேண்டும்.

எலிமருந்துகள் மூவகை. துத்தநாகப் பாஸ்பைடு கால் மணி முதல் சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறலை உண்டாக்கும். வாந்தியில் பூண்டு அல்லது அழுகிய மீன் நாற்றம் வீசும். அந்த நாற்றமே பாஸ்பீன் வாயு வெளிவருவதற்கு அடையாளம். சுவாசிப்பவருக்கும் அது நஞ்சு. ஆகவே இந்நாயை வீட்டுக்குள் வைக்காமல் திறந்த வெளியில் கிடத்துங்கள். வண்டியில் கொண்டு செல்லும்போது எல்லாச் சன்னல்களையும் திறந்து வையுங்கள். இரண்டாவது, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்துள்ளது. இதை உண்ட உயிர் முதலில் தேறியதுபோல் தோன்றி, சில நாள்களில் கல்லீரல் செயலிழந்து வீழும். மனிதரிடமும் இதே போக்கைக் காண்கிறோம். மூன்றாவது, குருதி உறைவதைத் தடுக்கும் கேக் வகை. இதை உண்ட நாய் இரண்டு முதல் ஐந்து நாள்கள் வரை நலமாகவே இருக்கும். பின்னர் ஈறு வெளுத்தல், மூக்கிலும் சிறுநீரிலும் குருதி, சோர்வு, இளைப்பு ஆகியவை தோன்றும்.

இம்மூன்றாம் வகை எங்கள் இதய நோயாளிகள் பலருக்கு நெருங்கிய உறவினர் போன்றது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூஞ்சை பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி கசிந்து இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியலர் கார்ல் பால் லிங்க் குழுவினரின் ஆய்விலிருந்து பிறந்ததே வார்ஃபரின். அது 1948இல் எலிமருந்தாகவும், 1954இல் மனிதர்க்கான மருந்தாகவும் ஏற்கப்பட்டது. இதய வால்வு மாற்றியோருக்கும் குருதிக்கட்டி உண்டானோருக்கும் நாங்கள் தரும் மாத்திரையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டுக்கும் மாற்றுமருந்து வைட்டமின் கே1. இக்கால எலிக்கேக்கின் நஞ்சு உடலில் நெடுநாள் தங்குவதால் நாய்க்கு அதைப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுக்க நேரும். நாய் நன்றாக ஓடுகிறதே என்று இடையில் நிறுத்திவிட்டால் குருதிக்கசிவு மீண்டும் தொடங்கும்.

வேறு சிலவற்றையும் சுருக்கமாகக் கூறுகிறோம். தீக்குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட் சிவப்பணுக்களைக் கெடுத்து ஈறுகளைப் பழுப்பாக்கும். ஆமணக்குப் பிண்ணாக்கை உரமாக இட்ட தோட்டத்தில் நாய் அதைத் தோண்டித் தின்னும். அரளியும் ஊமத்தையும் நாய்க்கும் நஞ்சே. பூஞ்சை பிடித்ததென்று ஒதுக்கிய நிலக்கடலையை நாய்க்கு வைப்பது தவறு. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலை எளிதில் அழிக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை மனிதருக்கு உணவாயினும் நாய்க்குத் தீங்கானவை.

மருந்துப் பையும் நாயும்

எங்களிடமிருந்து மருந்து வாங்கிச் செல்வோரும் அவர்களைப் பேணுவோரும் இப்பகுதியைக் கருத்துடன் படிக்க வேண்டும்.

காசநோய்க்கான ஐசோனியாசிட் நாய்க்கு மிகக் கொடியது. அதைச் செயலிழக்கச் செய்யும் வேதிமாற்றம் மனித உடலில் நிகழ்வதுபோல் நாயின் உடலில் நிகழ்வதில்லை. சில மாத்திரைகளே நிற்காத வலிப்பை உண்டாக்கும். இதற்கு வைட்டமின் பி6 ஊசி பயன்படும். மாத்திரையின் பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் அதைக் கொடுக்க இயலும்.

சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை நாயின் குருதிச் சர்க்கரையை ஆழமாகத் தாழ்த்தும். சர்க்கரை சேர்க்காத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றிலுள்ள சைலிட்டால் மனிதருக்குத் தீங்கின்றி இருக்க, நாய்க்கு அதே விளைவைத் தரும். குருதிக் கொதிப்புக்கான அம்லோடிபின் நாயின் இரத்த அழுத்தத்தைக் கடுமையாக வீழ்த்தும்.

காய்ச்சலுற்ற நாய்க்குப் பாராசிட்டமாலும், நொண்டும் நாய்க்கு டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரூஃபனும் கொடுப்பவர் உண்டு. முன்னது கல்லீரலையும் குருதியையும், பின்னவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிர்கொல்லியாகலாம்.

மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியிலோ, கட்டிலருகே தரையில் வைத்த துணிப்பையிலோ வைப்பதே பெரும்பாலும் இவற்றுக்குத் தொடக்கம். மூடியுள்ள தகர டப்பாவில் இட்டுச் சுவரலமாரியில் வையுங்கள். முதியவர் மாத்திரையைக் கீழே போட்டுவிட்டால், தேடி எடுக்கும்வரை நாயை வெளியே கட்டிவையுங்கள்.

உணவும் நஞ்சும் ஓரிடத்தில் வேண்டாம்

1958இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நஞ்சுண்டு இறந்தனர். ஃபோலிடால் என்னும் பூச்சிமருந்து கப்பலில் உணவுப் பொருள்களுடன் சேர்த்து ஏற்றப்பட்டு, கசிந்து மாவில் கலந்ததே காரணம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறக்க அத்துயரமே வழிகோலியது. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. கப்பலில் நேர்ந்ததும் பள்ளிச் சமையற்கட்டில் நேர்ந்ததும் நம் வீட்டுப் பரணில் நேராது என்று சொல்வதற்கில்லை.

ஆகவே பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியிலோ எண்ணெய் டப்பாவிலோ ஊற்றி வைக்காதீர்கள். தானிய மூட்டையுடன் சேர்த்து வைக்காதீர்கள். எலிமருந்தை வைக்க வேண்டியிருந்தால் எலி மட்டும் நுழையும் அளவிலான குழாய்க்குள் இட்டு, காலையில் எஞ்சியதை எடுத்துவிடுங்கள். விதைநேர்த்தி செய்து மீந்த விதையை முற்றத்தில் கொட்டாதீர்கள்.

நாய் இறந்துவிட்டால்

முயன்றும் காப்பாற்ற இயலாமற்போவதுண்டு. உடலைக் குப்பைமேட்டிலோ ஓடையிலோ எறிந்தால் காகமும் பிற நாய்களும் அதைத் தின்று இறக்கக்கூடும். கிணற்றுக்கும் ஊருணிக்கும் அப்பால் ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். வேண்டுமென்றே நஞ்சு வைக்கப்பட்டது என ஐயுற்றால், புதைக்கும் முன்னரே கால்நடை மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் தெரிவித்து உடற்கூறாய்வு கோரலாம். விலங்குக்கு நஞ்சு வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

நாயுடன் விளையாடிய குழந்தைகளை அன்று குளிப்பாட்டி உடை மாற்றுங்கள். அவர்களுள் எவருக்கேனும் வாந்தி, எச்சில் ஒழுகுதல், மயக்கம், பார்வை மங்கல் தோன்றினால் தாமதியாமல் அழைத்து வாருங்கள். நாய் உண்ட மருந்தின் டப்பாவையும் உடன் கொண்டுவாருங்கள்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்க

மனிதருக்கு அவசர ஊர்தி: 108

கால்நடை மருத்துவ அவசர உதவி: 1962

தேசிய நச்சுத் தகவல் மையம், எய்ம்ஸ், புது தில்லி (கட்டணமில்லா எண்): 1800 116 117

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம்: ....................

இரவிலும் வரக்கூடிய கால்நடை மருத்துவர்: ....................

நாயின் எடை: .......... கிலோ. கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள்: ....................

இரவு நேரத்திலும் விடுமுறை நாளிலும் எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் மருத்துவர் இருப்பதில்லை. ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, கோவில்பட்டி ஆகிய ஊர்களில் எங்கு, எந்நேரம் மருத்துவர் கிடைப்பார் என்பதை இவ்வாரமே கேட்டறிந்து, மேலுள்ள இடங்களை நிரப்பிவிடுங்கள்.